தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் ஊரில்

ஊட்டியில் குடும்பம் நடத்துகிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு வேகுமா என்று. குக்கர் இல்லாமல் நடக்காது என்பார்கள். கோயம்புத்தூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வாழ்க்கைப்பட்டு மலையேறி வருகிற பெண்கள் முதல் வாரத்திலேயே இதைத் தெரிந்துகொள்கிறார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். பருப்பு மட்டும் கல்லுக் கல்லாகக் கிடக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கிறது. அதனால் தண்ணீர் 100 டிகிரிவரை காத்திருப்பதில்லை. 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குன்னூரில் 94.

இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அடுப்படியில் அறிந்திருந்த இந்தச் செய்தி, ஆய்வக மேசையில் மூன்று மாதம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த மூன்று மாதத்தில் ஒரு மாணவியின் நேரமும், மறுபடி வாங்குவதற்குப் பல கையெழுத்துகள் தேவைப்படும் ஒரு ஆன்டிபாடிக் (குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பிடித்து ஒட்டும் மூலக்கூறு) குப்பியில் பாதியும் போயின. மலைப்பகுதிக் கல்லூரிகளில் மூலக்கூறு உயிரியலோ நரம்பியலோ செய்கிற பிள்ளைகளுக்கு அந்த இழப்பு வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேலை எளிமையானது என்றுதான் தொடங்கினோம். ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த எலி மூளையை ஐந்து மைக்ரான் தடிமனுக்குச் சீவி, ஸ்லைடில் ஒட்டி, நியூரான்களின் உட்கருவைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை இட்டுப் பழுப்பு நிறம் வரவழைக்க வேண்டும். ஹிப்போகேம்பஸ் பகுதியில் நியூரான்கள் தோளோடு தோள் உரசி வளைந்து நிற்கும். நன்றாக வந்த ஸ்லைடில் அந்த வளைவு கடுந்தேநீர் நிறத்தில் எடுத்துக் காட்டும். எங்களுக்கு வந்தது வெறும் நீலம். பின்னணிக்காகக் கடைசியில் இட்ட சாயத்தைத் தவிர ஸ்லைடில் ஒன்றுமே இல்லை.

ஆன்டிபாடியை 500 மடங்கு நீர்த்துப் பார்த்த மாணவி 200 மடங்குக்கு வந்தாள், பிறகு 50 மடங்குக்கு. இரவு முழுக்க ஊறவைத்தாள். இரண்டாவது ஆன்டிபாடியை மாற்றினாள். நான் அவள் கையைச் சந்தேகித்தேன். கழுவும்போது அவசரப்படுகிறாள் என்று நினைத்து, அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

ஃபார்மலின் புரதங்களுக்கு இடையே சின்னச் சின்னப் பாலங்களைக் கட்டிவிடும். திசு அழுகாமல் நிற்பது அதனால்தான். ஆனால் அதே பாலங்கள் ஆன்டிபாடி ஒட்ட வேண்டிய இடத்தையும் மூடிவிடுகின்றன. அவற்றை வெப்பத்தால் அவிழ்க்கலாம் என்பது 1991-இல் வெளிவந்த கண்டுபிடிப்பு. 10 மில்லிமோலார் சிட்ரேட் பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்), பிஎச் 6.0, 95 முதல் 100 டிகிரி, 20 நிமிடம் என்பது எல்லாச் செய்முறைக் குறிப்புகளிலும் இருக்கிற வரி. நாங்கள் பீக்கரை ஹாட்பிளேட்டில் வைத்தோம். குமிழிகள் வந்தன. கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம் எண்ணினோம். தெர்மாமீட்டரை யாரும் உள்ளே விடவில்லை.

ஒரு நாள் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் அண்ணன், காந்தலில் இருந்து வருகிறவர், பீக்கரை எட்டிப் பார்த்தார்.

"இது என்ன மேடம், வேக வைக்கிறீர்களா?"

"ஆமாம் அண்ணா, மூளைத் துண்டு. 20 நிமிடம் கொதிக்க வேண்டும்."

"கொதிக்கிறது மேடம். வேகுமா என்றுதான் தெரியவில்லை."

நான் தெர்மாமீட்டரை எடுத்து விட்டுப் பார்த்தேன். 92. இன்னொரு தெர்மாமீட்டர். அதிலும் 92. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் ஒரு கோடுகூட ஏறவில்லை, ஏறவும் ஏறாது.

மறுநாள் மூன்று லிட்டர் குக்கர் ஒன்று வாங்கி வந்தோம். "ஆய்வகத்துக்கு மட்டும்" என்று அழியாத மையால் மூடியிலும் அடியிலும் எழுதினோம். இனி அது எந்தக் காலத்திலும் சமையலறைக்குப் போகக் கூடாது. ஒரே மூளைத் துண்டத்திலிருந்து அடுத்தடுத்துச் சீவிய மூன்று ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டாள். ஒன்றுக்குச் சூடே இல்லை. ஒன்றுக்குத் திறந்த பீக்கரில் 20 நிமிடம். ஒன்றுக்குக் குக்கரில், முழு அழுத்தம் வந்ததிலிருந்து மூன்று நிமிடம். அதன்பின் மூன்றுக்கும் ஒரே ஆன்டிபாடி, ஒரே நீர்ப்பு, ஒரே நேரம். குக்கரைத் தானாக அழுத்தம் இறங்கவிட்டு, பஃபரிலேயே 20 நிமிடம் ஆறவிட்டாள்; அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரில் காட்டினால் துண்டு ஸ்லைடை விட்டுக் கழன்றுவிடும். மாலை ஐந்தரைக்கு மைக்ராஸ்கோப்பில் மூன்றாவது ஸ்லைடை வைத்தாள். அந்த வளைவு இருந்தது. ஒவ்வொரு உட்கருவும் தனித்தனிப் பொட்டாக. இரண்டாவது ஸ்லைடில் புகைபோல ஏதோ இருந்தது, முதலாவதில் எதுவும் இல்லை. அவள் எதுவும் பேசாமல் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

அந்த மூன்று ஸ்லைடுகளில் எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். அந்தப் புகை இல்லாவிட்டால் குக்கர் எதைச் சரிசெய்தது என்றே நாங்கள் அறிந்திருக்க மாட்டோம். பிழை தேடும்போது பலரும் ஒரே நாளில் நான்கு விஷயங்களை மாற்றிவிடுகிறார்கள். வெற்றி வந்தால் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த மாதம் மறுபடி தோற்கும்போது எதைத் திருப்புவது என்றும் தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; பழையதையும் புதியதையும் ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். ஒரு நாள் கூடுதலாக ஆகும். ஆகட்டும்.

என் அப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்தார். காலையில் ஆலைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் போவது இயந்திரத்திடம் இல்லை. சுவரில் தொங்குகிற ஈரக்குமிழ், உலர்குமிழ் தெர்மாமீட்டர்களிடம். ஒன்றின் அடிக்குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று கணக்கிடுவார். வெயில் நாளில் இலை சீக்கிரம் வாடும். மூட்டம் போட்ட நாளில் வாட மறுக்கும். உருட்டிய இலை செம்பு நிறத்துக்கு வர ஒரு நாள் ஒரு நேரம் ஆகும், மறுநாள் இன்னொரு நேரம். "இன்றைக்கு இலை நேரம் கேட்கும்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். புளிப்பேற்றுதல் என்று தொழிற்சாலையில் சொல்வது உண்மையில் ஒரு என்சைமின் வேலை. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற அந்த என்சைம் காற்றிலுள்ள ஆக்சிஜனைக்கொண்டு இலையின் பாலிஃபீனால்களைப் பழுப்பாக்குகிறது. குளிரில் மெதுவாக, சூட்டில் வேகமாக. அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் அதை எந்தப் பாடப்புத்தகத்தையும்விட நன்றாக அறிந்திருந்தார்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் ஆண்டுக்கு ஒருவராவது தேயிலையிலிருந்து டிஎன்ஏ எடுக்கத் தொடங்கித் தோற்பார்கள். கொழுந்தைப் பறித்துப் பையில் போட்டு, மதியம் அரைத்து, மாலையில் பார்த்தால் டியூபின் அடியில் பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஒன்று படிந்திருக்கும். அப்பா பல மணி நேரம் பாடுபட்டு வரவழைத்த அதே பழுப்புத்தான் அது. கொழுந்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பாலிஃபீனால். இலை கசங்கியதும் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து டிஎன்ஏவோடு பின்னிக்கொள்ளும். அப்படிப்பட்ட டிஎன்ஏவில், டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் முறை வேலை செய்யாது. பெருக்கலைச் செய்யும் பாலிமரேஸ் என்சைமை அது முடக்கிவிடும்.

ஆகவே இலையைக் கசக்காமல் பறித்து, பறித்த இடத்திலேயே ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். திரவ நைட்ரஜன் கிடைத்தால் அதில் போட்டு, உறைந்த நிலையிலேயே பொடியாக்குங்கள். கிடைக்காவிட்டால் 65 டிகிரிக்குச் சூடாக்கிய, சிடிஏபி என்ற சோப்பு வகைப் பொருள் கலந்த பஃபரிலேயே நேரடியாக அரைத்துவிடுங்கள். பஃபரில் பிவிபி இரண்டு சதவீதமும், அரைப்பதற்குச் சற்று முன் சேர்த்த பீட்டா மெர்காப்டோஎத்தனாலும் இருக்கட்டும். முதலாவது பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும், இரண்டாவது பழுப்பாவதைத் தடுக்கும். மெர்காப்டோஎத்தனால் நச்சு, ஆவியை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹுட்டுக்குள்தான் திறக்க வேண்டும். கடைசியில் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் (எந்த அலைநீள ஒளியைக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி) 260-க்கு 280 விகிதம் 1.8 வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். 260-க்கு 230 விகிதத்தையும் பாருங்கள். அது 2-ஐ ஒட்டி இல்லாமல் 1-க்குக் கீழே கிடந்தால் பாலிஃபீனாலோ சர்க்கரையோ உப்போ கூடவே வந்திருக்கிறது. அப்போது டிஎன்ஏவைக் கூட்டிப் போடுவதுதான் பிள்ளைகள் செய்யும் முதல் காரியம். அது தடையையும் சேர்த்துக் கூட்டுகிறது. பத்து மடங்கு நீர்த்துப் போட்டுப் பாருங்கள். பல நேரம் அப்போதுதான் ஜெல்லில் டிஎன்ஏ பட்டை தெரியும்.

இன்னொன்று. டிசம்பர், ஜனவரியில் எங்கள் சிடிஏபி பஃபர் பாட்டிலுக்குள் வெள்ளையாகத் திரிந்து கிடக்கும். கெட்டுப்போய்விட்டது என்று ஒரு பையன் ஒரு லிட்டரைக் கொட்டிவிட்டான். கெடவில்லை. சிடிஏபி 15 டிகிரிக்குக் கீழே கரைசலில் நிற்காது, படிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துக் குலுக்கினால் தெளிந்துவிடும். அதே காரணத்தால் அந்தக் கரைசலைக் குளிரூட்டிய சென்ட்ரிஃபியூஜில் சுற்றக் கூடாது.

இங்கேதான் "அறை வெப்பநிலை" என்ற சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். செய்முறைக் குறிப்புகளில் இதைவிட ஆபத்தான சொல் வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். எழுதியவர் மனத்தில் இருந்தது 22-இலிருந்து 25 டிகிரி வரையிலான ஓர் அறை. எங்கள் அறை குளிர்காலக் காலையில் 12 காட்டும், மதியம் 16. புரதங்களைப் பிரிக்க உதவும் சோப்பான எஸ்டிஎஸ் கரைசல் பாட்டிலுக்குள் ஊசி ஊசியாகப் படிகமாகிவிடும். அதைக் கவனிக்காமல் மேலே இருக்கிற தெளிந்த நீரை மட்டும் உறிஞ்சிப் போட்டால் புரதம் சரியாகப் பிரியாது. அக்ரிலமைடு ஜெல் அரை மணி நேரத்தில் இறுக வேண்டியது ஒன்றரை மணி நேரமாகியும் தளும்பும். ஜெல்லை இறுகவைக்கும் ஏபிஎஸ், டெமெட் இரண்டையும் கூடுதலாக ஊற்றுவது விடையில்லை. அப்படி இறுகிய ஜெல் ஒரே சீராக இருக்காது. அக்ரிலமைடு கரைசலை ஃப்ரிட்ஜிலிருந்து முன்கூட்டியே எடுத்து 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, காற்றை வெளியேற்றிவிட்டு ஊற்றுங்கள். ஏபிஎஸ் அன்றன்று கரைத்ததாக இருக்கட்டும். ஆன்டிபாடியை "அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம்" ஊறவைக்கச் சொன்னால் இன்குபேட்டரை 25-இல் வைத்து அதற்குள் ஊறவையுங்கள். டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட்டுகளில் வரும் குவானிடின் பஃபர்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டே தொடுங்கள். படிகம் இருந்தால் 37 டிகிரியில் கரையும்.

குளிர் எப்போதும் எதிரி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டிஎன்ஏ துண்டுகளை ஒட்டவைக்கும் டி4 லைகேஸுக்குப் பல குறிப்புகள் கேட்பது 16 டிகிரி, ஓர் இரவு. சமவெளியில் அதற்கென்று ஓர் இயந்திரத்தை இரவெல்லாம் ஓடவிடுகிறார்கள். குன்னூரில் பாதி ஆண்டு மேசை இழுப்பறையே போதும். அந்த ஊரில் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கப்பட்டது. வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்யவும், மூளைத் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயை உறுதிசெய்யவும் அந்தக் காலத்திலேயே அங்கே ஆள் இருந்தார்கள். பனியும் குளிரும் சூழ்ந்த இந்த மலையில் மூளையை ஸ்லைடில் வைத்துப் பார்ப்பது நூறு ஆண்டுக்கும் மேலான பழக்கம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தெம்பு வருகிறது.

பிசிஆருக்கு வருவோம். அது மூடிய டியூபுக்குள் நடப்பதால் உயரம் நேரடியாகத் தொடுவதில்லை. ஆனால் 95 டிகிரி என்பது இங்கே கொதிநிலைக்கு மேல் என்பதை மறக்க வேண்டாம். மூடி ஒரு மயிரிழை தளர்ந்திருந்தாலும் 35 சுற்றுக்குள் 20 மைக்ரோலிட்டர் 8 ஆகிவிடும். ஓரத்து டியூபுகளில்தான் இது முதலில் தெரியும். சூடாகும் மேல்மூடியை இறுக்கிப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள், முடிந்ததும் எல்லா டியூபையும் வரிசையாக நிறுத்தி நீர்மட்டத்தை ஒப்பிடுங்கள். டாக் பாலிமரேஸ் தரும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவை 1969-இல் விவரித்தவர்கள் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து எடுத்தார்கள். அந்த ஊற்றுகள் இருப்பது ஏறக்குறைய ஊட்டியின் உயரத்தில். அங்கேயும் தண்ணீர் 93-ஐ ஒட்டித்தான் கொதிக்கும். இந்த என்சைமை எடுக்கும்போது ஒரு உறவுக்காரரைப் பார்க்கிற உணர்வு எனக்கு வந்துவிடுகிறது.

டெம்ப்ளேட் (பெருக்க வேண்டிய டிஎன்ஏ) போடாத டியூபில் பட்டை வந்துவிட்டால் எது கலந்தது என்று துப்பறிவதில் ஒரு வாரத்தைச் செலவழிக்காதீர்கள். தண்ணீர், பஃபர், ப்ரைமர் எல்லாவற்றின் திறந்த பங்கையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய பங்கை எடுங்கள். இதற்காகத்தான் எதையும் வாங்கிய அன்றே சின்னச் சின்ன டியூபுகளில் பிரித்து வைக்க வேண்டும் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன். டிஎன்ஏ துண்டுகளைப் பிரித்துப் பார்க்கும் அகரோஸ் ஜெல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண அகரோஸ் 90 டிகிரியை நெருங்கித்தான் கரையும். எங்கள் தண்ணீருக்கும் அதற்கும் இடையே இரண்டு மூன்று டிகிரிதான் இருக்கிறது. கொதி வந்ததும் இறக்கிவிட்டால் கண்ணாடித் துகள்போல மிதக்கும் துணுக்குகள் நின்றுவிடும். பட்டைகள் கோணலாக ஓடும். கொதித்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் விட்டு விட்டுச் சூடாக்குங்கள், முன்னும் பின்னும் எடை பார்த்து ஆவியான தண்ணீரை ஈடுகட்டுங்கள்.

ஜூன் மாதம் மேகம் ஜன்னலுக்குள் வரத் தொடங்கும்போது வேறு வகைத் தொல்லைகள். மைக்ராஸ்கோப் லென்ஸில் பூஞ்சை. முதலில் தெரியாது, படம் கொஞ்சம் பால் கலந்ததுபோல் இருக்கும், விளக்கைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி நூல்போலப் படர்ந்திருக்கும். கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்றுவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. மழைக்காலத்தில் லென்ஸ்களை இரவில் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைப்பது எங்கள் வழக்கம். நீலமாக இருந்த சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் அடுப்பில் 110 டிகிரியில் வைத்து மீட்டுவிடலாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பாட்டிலை மூட்டமான நாளில் உடனே திறக்காதீர்கள். உள்ளே இருக்கிற பொடியின்மேல் பனி இறங்கிவிடும். அரை மணி நேரம் மூடியோடு மேசைமேல் இருக்கட்டும். நீரற்ற கால்சியம் குளோரைடு, சோடியம் ஹைட்ராக்சைடு இரண்டும் எடை போடுகிற நேரத்துக்குள்ளேயே தண்ணீர் குடிப்பவை. அவற்றின் எடையை நம்பி மூளைத் திசுவுக்கான கரைசலைக் கலக்கினால் கால்சியம் குறைந்துதான் போகும். ஒரு மோலார் கால்சியம் குளோரைடு கரைசலாகவே வாங்கி வைத்துவிடுவது நல்லது.

கொடைக்கானலில் செல் வளர்க்கத் தொடங்கிய தோழி ஒருத்தி சென்ற ஆண்டு தொலைபேசியில் கேட்டாள், செல் வளரும் ஊடகம் ஏன் எப்போதும் சிவப்பிலிருந்து ஊதா கலந்த இளஞ்சிவப்புக்குப் போகிறது என்று. இன்குபேட்டரில் கார்பன் டையாக்சைடு 5 சதவீதம் சரியாகக் காட்டுகிறது என்றாள். சதவீதம் சரிதான், ஆனால் அது எதன் சதவீதம்? மொத்தக் காற்றழுத்தமே முக்கால்வாசி என்றால் கரையும் வாயுவும் முக்கால்வாசிதான். கணக்குப் போட்டால் பிஎச் ஏறத்தாழ 0.12 உயரும். 6.5 சதவீதத்துக்குக் கூட்டிவைத்தால் கடற்கரைக் கணக்குக்கு வந்துவிடும். மூளைச் சீவல்களை உயிரோடு வைத்திருக்கக் கார்போஜன் (ஆக்சிஜனும் கார்பன் டையாக்சைடும் கலந்த) வாயுவைக் குமிழிவிடுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். கரைசல் கலங்கினால் முதலில் பாருங்கள்: வாயுவைக் குமிழிவிடுவதற்கு முன்பே கால்சியத்தை ஊற்றிவிட்டீர்களா? பத்துப் பதினைந்து நிமிடம் குமிழிவிட்ட பிறகுதான் கால்சியம்.

நரம்பின் மின்துடிப்பைப் பிடிக்கும் வேலைக்கு எங்களிடம் பெரிய கருவி எதுவும் இல்லை. கரப்பான்பூச்சியின் கால் ஒன்று, இரண்டு ஊசிகள், ஒரு பெருக்கி, ஒரு கணினி. காலில் இருக்கும் முட்களை மெல்லிய தூரிகையால் தொட்டால் திரையில் துடிப்புகள் வெடிக்க வேண்டும். பிப்ரவரி மாதம் ஒரு குழுவுக்கு இரண்டு சிக்கல் ஒன்றாக வந்தது: துடிப்பு அரிதாக இருந்தது, அதையும் ஒரு தடித்த அலை மூடியிருந்தது.

அலையின் முகடுகளுக்கு இடையே எவ்வளவு நேரம் என்று முதலில் அளக்கச் சொன்னேன். 20 மில்லிசெகண்ட். அப்படியென்றால் 50 ஹெர்ட்ஸ், சுவரிலிருந்து வரும் கரண்ட். 10 மில்லிசெகண்டாக இருந்திருந்தால் அடாப்டரையோ விளக்கையோ பார்த்திருப்போம். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிட்டோம்: பாதி குறைந்தது. குழல்விளக்கை அணைத்தோம்: இன்னும் கொஞ்சம். மீதி அசையவில்லை. கருவிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எர்த்துக்குப் போகாமல் எல்லாக் கம்பிகளையும் ஒரே புள்ளியில் சேர்த்தோம். அலுமினியத் தாள் ஒட்டிய அட்டைப் பெட்டியால் மூடி, அதையும் அதே புள்ளியில் இணைத்தோம். அப்போதும் இருந்தது. கல்லூரியின் எலெக்ட்ரீசியன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "எர்த் குழிக்குக் கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள்?" என்று கேட்டார். மழை நின்று இரண்டு மாதமாகியிருந்தது. கட்டடத்தின் பின்புறம் செடி மண்டிக் கிடந்த குழியைத் தேடிப் பிடித்து, உப்பும் கரியும் இட்டு, ஏழெட்டு வாளி தண்ணீர் ஊற்றினார். மறுநாள் அலை மெலிந்துவிட்டது. ஈரம் வற்றிய மண் மின்சாரத்தைச் சரியாக இறக்காது. இப்போது ஜனவரி முதல் மழை வரும்வரை வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது ஆய்வகச் சுவரிலுள்ள அட்டவணையிலேயே இருக்கிறது.

துடிப்பு அரிதானதற்குக் காரணம் பூச்சிதான். அதற்கு நம்மைப்போல் உடல் சூடு கிடையாது. 13 டிகிரி அறையில் அதன் நரம்பும் 13 டிகிரிதான். மேசை விளக்கை அரையடி தள்ளிவைத்து, காலின் அருகே 25 டிகிரி வந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் பதிவுசெய்தார்கள். விளக்கு எரிந்தால் அதுவும் இரையும். தூரிகை பட்டதும் ஒலிபெருக்கியில் கடுகு பொரிவதுபோல் சடசடவென்று கேட்டது. அந்தப் பிள்ளைகள் அன்று மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

இப்போது எங்கள் குறிப்பேடுகளில் ஒவ்வொரு நாளும் மேலே மூன்று எண்கள் இருக்க வேண்டும்: அறையின் வெப்பநிலை, ஈரப்பதம், அன்று கரண்ட் போன நேரம். முதலில் மாணவர்கள் முகம் சுளித்தார்கள். கரண்ட் போன நேரத்தை எழுதச் சொல்வது ஃப்ரீசரில் இருக்கும் என்சைம்களுக்காக. நவம்பர் மழையில் மண் சரிந்து இரவெல்லாம் இருட்டில் கிடந்த நாட்களுக்குப் பிறகு எந்தக் குப்பியை நம்பலாம் என்பதை அந்த ஒரு வரிதான் சொல்கிறது. அப்பாவின் பழைய ஈரக்குமிழ்த் தெர்மாமீட்டரை ஓய்வுபெறும்போது ஆலையில் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அது இப்போது எங்கள் ஜன்னல் அருகே தொங்குகிறது. துணியை நனைப்பது முறைவைத்து ஒவ்வொருவர் வேலை.

கடைசியாக ஆட்டோகிளேவ். இதை நான் ஆண்டுக்கணக்கில் தவறவிட்டிருக்கிறேன். 15 பிஎஸ்ஐ காட்டினால் 121 டிகிரி என்று படித்திருக்கிறோம். அந்த முள் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும்தான். வெளிக்காற்றே இங்கே குறைவு என்பதால், அதே 15-இல் உள்ளே இருக்கும் நீராவி 117 டிகிரியைத்தான் தொடும். நான்கு டிகிரிதானே என்று தோன்றும். வெப்பம் தாங்கும் பாக்டீரிய வித்துகளைக் (ஸ்போர்) கொல்லும் வேகம் அந்த நான்கு டிகிரியில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 15 நிமிடம் வைத்தது உண்மையில் 6 நிமிடத்துக்குத்தான் சமம். நிறம் மாறும் டேப்பை வைத்து ஏமாந்தோம். சூடு பட்டது என்று மட்டுமே அது சொல்லும். 121-ஐ எட்ட ஏறத்தாழ 18.5 பிஎஸ்ஐ தேவை. ஆனால் உங்கள் கலத்தின் பாதுகாப்பு வால்வு அதற்கு அனுமதிக்காவிட்டால் வால்வின்மேல் கை வைக்கவே கூடாது, எடை ஏற்றவும் கூடாது. நேரத்தை 40 நிமிடமாக்குங்கள். குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகள் அவ்வளவு நேரத்தில் கருகும். அவற்றைத் தனியே வடிகட்டிச் சேர்க்கலாம். தொடக்கத்தில் உள்ளிருக்கும் காற்று முழுக்க வெளியேறும்வரை வால்வைத் திறந்து வைப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

இந்தக் கணக்கைக் காகிதத்தோடு விட மனமில்லாமல், அந்த வித்துகள் அடைத்த சோதனைக் குப்பிகள் ஆறு வரவழைத்தோம். உள்ளே உயிர் மிச்சமிருந்தால் ஊதா நிறக் கரைசல் மஞ்சளாகும். இரண்டை 15 நிமிடமும் இரண்டை 40 நிமிடமும் ஆட்டோகிளேவில் வைத்தோம், இரண்டை அப்படியே விட்டுவிட்டோம். ஆறும் நேற்று மாலை நான்கு மணியிலிருந்து 56 டிகிரி இன்குபேட்டரில் இருக்கின்றன. இன்று காலை அண்ணன்தான் முதலில் திறந்து பார்த்தார். சூடு காட்டாத இரண்டும் மஞ்சள். 15 நிமிடக் குப்பிகளில் ஒன்று மஞ்சளாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. 40 நிமிடக் குப்பிகள் இரண்டும் ஊதாவாகவே இருக்கின்றன. 48 மணி நேரம் நாளை மாலை நான்குக்கு முடிகிறது.